பழகிக்கச் சொன்னாங்க, எப்படின்னு சொல்லல

எங்க ஊர்ல யாராவது "காதுல சத்தம் கேக்குது"ன்னு சொன்னா, கேக்கறவங்க மனசுல ரெண்டே அர்த்தம்தான் ஓடும். ஒண்ணு, காதுக்குள்ள பூச்சி பூந்திருக்கு, எண்ணெய் காய்ச்சி ஊத்து. ரெண்டு, ஆளுக்கு மறை கழண்டிருக்கு, படவேட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரேணுகாம்பாள் கோயில்ல உக்கார வை. மூணாவதா ஒரு அர்த்தமும் இருக்கு. அதுக்கு டாக்டருங்க வெச்ச பேரு டின்னிடஸ். தமிழ்ல காதிரைச்சல். ஆயுர்வேதத்துல கர்ணநாதம்னு பழைய பேரே இருக்கு. வெளியில எந்தச் சத்தமும் இல்லாம காதுக்குள்ள மட்டும் 'ங்ங்ங்...'னு ஒரு ரீங்காரம். சிலருக்கு சில்வண்டு, சிலருக்கு குக்கர் விசில், சிலருக்கு ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ.

இது அபூர்வ வியாதியும் இல்லை. 2022-ல ஜாமா நியூராலஜிங்கிற மருத்துவ இதழ்ல உலகம் பூரா வந்த ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. பெரியவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்கு இது உண்டு, அதாவது 74 கோடிக்கு மேல. அதுல பெரும்பாலானவங்க கண்டுக்காம வேலையைப் பார்த்துட்டுப் போறாங்க. 12 கோடிப் பேருக்கு மட்டும் இது வாழ்க்கையையே புடிச்சு ஆட்டுது. ஒரே மாதிரி சத்தம், ஒருத்தர் குறட்டை விட்டுத் தூங்கறார், இன்னொருத்தர் விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருக்கார். ஏன்? அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

*

எங்க மாமா (அம்மாவோட தம்பி) அந்த ரெண்டாவது வகை. பேரு வேண்டாம். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுது மாப்ளே, நாலு பேருக்கு உதவட்டும். பேரை மட்டும் போட்ராத, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறோம்"னார். இந்த ஒரு வரியிலயே பாதி விஷயம் இருக்கு, அப்புறம் வரேன்.

சந்தவாசல், அத்திமலைப்பட்டு, ஒண்ணுபுரம்னு ஆரணியைச் சுத்தி இருக்கற ஊருங்கள்ல பட்டுத்தறிங்கறது தனியா ஒரு தொழிற்சாலை கிடையாது. வீட்டுக் கூடத்துல பாதியை தறிக்குழி எடுத்துக்கும். மீதிப் பாதியில குடும்பம் நடக்கும். மாமா சின்ன வயசுல கைத்தறி கத்துக்கிட்டவர். கூலி கட்டுப்படியாகலைன்னு 1999-ல பள்ளிபாளையம் பக்கம் போய் 11 வருஷம் விசைத்தறி ஓட்டினார். அப்புறம் திரும்பி வந்து மறுபடியும் பட்டுத்தறி.

விசைத்தறிப் பட்டறைக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், பக்கத்துல நிக்கறவன் காதுல வாயை வெச்சுக் கத்தணும். நாடா ரெண்டு பக்கமும் அடிபடற சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாத் தாண்டும். 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக் குறைன்னு அமெரிக்காவுல தொழிலாளர் நலத்தை ஆராயற நயோஷ் நிறுவனம் சொல்லுது. கணக்குப் போட்டா 97 டெசிபல்ல அரை மணி நேரம்தான் தாங்கும். மாமா ஓட்டினது 12 மணி நேர ஷிப்டு. காதுல வெச்சது பஞ்சு!

தொழிலால காது மந்தமாகறதை, அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆகவேண்டிய நோய்னு 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட அட்டவணையில சேர்த்திருந்தாங்க. ஆனா மின்சாரத்துல ஓடற இடம் 'தொழிற்சாலை'ன்னு ஆகணும்னா 10 பேராவது வேலை செய்யணும். அதுக்குப் பதிலா வந்த 2020-ம் வருஷத்துத் தொகுப்புல அந்த எண்ணிக்கை 20. நாலு தறி, மூணு ஆளுன்னு ஓடற பட்டறையில கெட்டுப்போற காது எந்தக் கணக்குலயும் வராது.

2018 வாக்குல அவருக்கு அந்த ரீங்காரம் ஆரம்பிச்சுது. முதல்ல பெரிசா எடுத்துக்கல. பகல் பூரா தறி அடிக்கற 'டக்கு டக்கு'ல அது அமுங்கிடும். ராத்திரி படுத்தாத்தான் தலைகாட்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. சத்தமான வேலை செய்யறவருக்குச் சத்தம் தொந்தரவே இல்லை. அமைதிதான் தொந்தரவு.

அப்புறம் வந்தது 2020. ஊரடங்கு. கடை இல்லை, கல்யாணம் இல்லை, பட்டுச்சேலைக்கு ஆள் இல்லை. முதலாளிகிட்ட இருந்து பாவு வரல. எங்க தெருவுல எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து நிக்காத தறிச்சத்தம் மொத்தமா நின்னுபோச்சு. நான் அப்ப வேலைக்குச் சேர்ந்த புதுசு, ஊர்ல வீட்டுல உக்காந்துதான் பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். மாமா வீடு பக்கத்து வீடு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ரிலீஸ்னு முழிச்சிருந்தா, திண்ணையில மாமா உக்காந்திருப்பார். தினமும்.

"இன்னா மாமா, தூங்கலையா?"

"தறி நின்னு போச்சு மாப்ளே. காதுல ஓடறது மட்டும் நிக்க மாட்டேங்குது."

வாங்கின அட்வான்ஸ் கடன், வராத பாவு, படிக்கற பொண்ணு, தூங்காத கண்ணு... எல்லாத்துக்கும் பின்னணி இசை மாதிரி அந்த 'ங்ங்ங்'. நாலு மாசத்துல ஆள் பாதி ஆயிட்டார். சாப்பாடு இறங்கல. அத்தைகிட்ட எரிஞ்சு விழுந்தார். கல்யாணம், காதுகுத்து எதுக்கும் போறதில்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி அதே திண்ணையில ரொம்ப சாதாரணமாச் சொன்னார், "இந்தச் சத்தம் நிக்கணும்னா நான் நிக்கணும் போலக் கீது மாப்ளே."

அன்னிக்கு விடியற வரைக்கும் நான் அவர்கூடத்தான் உக்காந்திருந்தேன்.

*

பஸ் விட்டதும் டவுன்ல ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். பரிசோதனை ஒழுங்காத்தான் செஞ்சாங்க. உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் கேக்கற திறன் ரெண்டு காதுலயும் குறைஞ்சிருக்கு, கட்டி கிட்டி எதுவும் இல்லை. கடைசியா, "இதுக்கு மருந்து கிடையாதுப்பா. பழகிக்கோங்க"ன்னு அனுப்பிட்டார். மொத்தம் மூணு நிமிஷம். திரும்பி வர்ற பஸ்ல மாமா ஒரு வார்த்தை பேசல.

அந்தப் 'பழகிக்கோங்க'வை நான் ரொம்ப நாள் குடைஞ்சு குடைஞ்சு படிச்சேன். (எலெக்ட்ரானிக்ஸ் படிச்சதுக்கு இதுலயாவது உபயோகம் வந்துச்சு.)

உள்காதுல ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கு. சத்தத்தோட அதிர்வை மின்சாரச் சிக்னலா மாத்தி நரம்புக்கு அனுப்பறது அதுங்கதான். அளவுக்கு மீறின சத்தம், வயசு, சில மருந்துகள்னு எதனால செத்தாலும் மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்குமாம், நமக்குத்தான் குடுப்பினை இல்லை. அந்த அணுக்கள் போன அலைவரிசையில மூளைக்குச் சிக்னல் வராது. வரலைன்னா மூளை சும்மா இருக்குமா? வால்யூமை ஏத்துது. பழைய ரேடியோவுல ஸ்டேஷன் பலவீனமானா உள்ள இருக்கற சர்க்யூட் தானா பெருக்கத்தைக் கூட்டும், ஸ்டேஷனே இல்லைன்னா வெறும் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் பெருசாக் கேக்கும் இல்லையா, ஏறக்குறைய அந்தக் கதை. காதிரைச்சலுக்கு இன்னிக்கு ஆராய்ச்சியாளருங்க சொல்ற முக்கியமான விளக்கங்கள்ல இது ஒண்ணு.

சத்தம் எப்படி வருதுன்னு இது சொல்லுது. தூக்கம் ஏன் போச்சுன்னு சொல்லல.

அதுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. நோயாளிக்குக் கேக்கற மாதிரியே ஒரு ஒலியை ஹெட்போன்ல போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, "உங்களுக்குள்ள கேக்கறதும் இதுவும் ஒரே அளவா இருக்கா?"ன்னு கேப்பாங்க. பின்னாடி இன்னொரு இடத்துல மாமாவுக்கும் செஞ்சாங்க. அவர் காதுக்கு லேசா எட்ட ஆரம்பிக்கற அளவுக்கு மேல, வெறும் 6 டெசிபல்! இது அவருக்கு மட்டும் இல்லை, பெரும்பாலானவங்களுக்கு இது 10 டெசிபலுக்குள்ளதான் வருது. அதைவிட முக்கியம், இந்த அளவுக்கும் படற அவஸ்தைக்கும் பெரிசா சம்பந்தம் கிடையாது. அளவு கூடுதலா இருக்கறவர் நிம்மதியா இருப்பார், குறைச்சலா இருக்கறவர் திண்ணையில உக்காந்திருப்பார்.

1953-ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல, காது நல்லா கேக்கற 80 பேரை ஒருத்தர் ஒருத்தரா சத்தமே புகாத அறையில உக்கார வெச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கு. அதாவது நம்ம எல்லார் தலைக்குள்ளயும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. திருமந்திரத்துல திருமூலர் யோகிக்கு உள்ளே கேக்கற ஒலிகள்னு பத்தைச் சொல்றார். மணி, கடல், வண்டு எல்லாம் அதுல வரும். அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு ரீங்காரம் கேட்டா 'வழி சரிதான்'னு சந்தோஷப்பட்ட ஆளுங்களும் இந்த மண்ணுல இருந்திருக்காங்க. எங்க மாமாவுக்கு அதே வண்டு எமனாத் தெரிஞ்சுது.

இந்த வித்தியாசத்தை 1990-ல பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் ஒரு மாதிரியா வரைஞ்சு காட்டினார். போலந்துல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்தவர். இங்கிலாந்து டாக்டர் ஜோனதன் ஹேஸல் அவரோட கூட்டாளி. அவங்க சொன்னது இதுதான்: காது கேக்குது, மூளை வடிகட்டுது. தேவையில்லாத சத்தம்னு முத்திரை குத்திட்டா அது மனசு வரைக்கும் வராது. ஓடற ஃபேன் சத்தம் நமக்குக் கேக்கறதே இல்லையே, அப்படி. ஆனா 'ஆபத்து'ன்னு முத்திரை விழுந்துட்டா பயத்தைக் கவனிக்கற மூளைப்பகுதி முழிச்சுக்கும். நெஞ்சு படபடக்கும், உடம்பு முறுக்கும், தூக்கம் போகும். பயந்த மூளை அந்தச் சத்தத்தையே காவல் காக்கும். காவல் காக்கக் காக்க இன்னும் நல்லாக் கேக்கும். இன்னும் பயம். எங்க பாஷையில சொன்னா, வெளிய வர வழியில்லாத இன்ஃபினிட் லூப்.

இந்த லூப்புக்குள்ள எந்த வாசல் வழியாவும் நுழையலாம். இரைச்சல்ல ஆரம்பிச்சு மனச்சோர்வுக்குப் போறவங்களும் உண்டு, கடன், இழப்பு, பதட்டம்னு ஆரம்பிச்சு அதுவரைக்கும் சும்மா கிடந்த இரைச்சலைப் பூதமாக்கிக்கறவங்களும் உண்டு. மாமாவுக்கு ரெண்டு வாசலும் ஒரே வருஷத்துல திறந்துச்சு.

'வீக் மனசு'ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. டெக்சாஸ் ரோட்ஹவுஸ்ங்கிற பெரிய உணவகச் சங்கிலியை ஆரம்பிச்ச கென்ட் டெய்லர், கொரோனாவுக்கு அப்புறம் வந்த கடுமையான காதிரைச்சலோட போராடி 2021 மார்ச்ல தற்கொலை செஞ்சுக்கிட்டார். அவரோட குடும்பமே அந்த அவஸ்தையை வெளியில சொன்னாங்க. காசுக்கும் டாக்டருக்கும் அவருக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கடைசி எண்ணம் வர்றதும் ஒரு நோய்க்குறி. நெஞ்சுவலி மாதிரி, உடனே ஆள் தேட வேண்டிய நோய்க்குறி.

*

சரி, மாமா எப்படி வெளிய வந்தார்?

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போலாம்னு சொன்னதும் ஆடித் தீர்த்துட்டார். "காது நோவுதுன்னா காதைப் பாருங்கடா. என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போறீங்களே!" முதல்ல சொன்னேனே, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற கவலை. 'காதுல சத்தம் கேக்குது'ங்கறது நம்ம ஊர்ல 'காதுல குரல் கேக்குது'ங்கறதுக்குப் பக்கத்து வீடு. ரெண்டும் வேற வேற. இரைச்சல்ல ரீங்காரம் இருக்கும், விசில் இருக்கும், வார்த்தை இருக்காது. யாரோ பேசறாங்க, கட்டளை போடறாங்கன்னா அது வேற விஷயம், அதுக்கும் வைத்தியம் இருக்கு. இது புரியாமத்தான் பாதிப் பேரு வாயைத் திறக்கறதே இல்லை.

கடைசியில அத்தைதான் ஒத்தை வரியில முடிச்சாங்க. "நீ காதுக்காக வர வேணாம். தூக்கத்துக்காக வா."

அங்க இருந்த மனநல ஆலோசகர் முதல்ல 25 கேள்வி கேட்டார். 1996-ல அமெரிக்காவுல நியூமனும் கூட்டாளிங்களும் உருவாக்கின கேள்வித்தாள். தூக்கம் கெடுதா, கோவம் வருதா, தப்பிக்கவே முடியாதுன்னு தோணுதான்னு போகும். ஆமாம்னா 4, சில சமயம்னா 2, இல்லைன்னா 0. நூத்துக்கு மாமா வாங்கினது 82. எங்க வம்சத்துலயே பரிட்சையில யாரும் இவ்ளோ மார்க் வாங்கினதில்லைன்னு அவரே சொல்லிச் சிரிச்சார். மாசக்கணக்கா அப்புறம் அன்னிக்குத்தான் அவர் சிரிச்சுப் பார்த்தோம்.

முதல் நாள் பூரா விளக்கம் மட்டும்தான். இது என்ன, ஏன் வருது, உசுருக்கு ஆபத்து இல்லை, காது இதனால இன்னும் கெட்டுப்போகாது. அப்புறம் ஒரு நோட்டு. எப்ப ரொம்பத் தொந்தரவு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, பத்துக்கு எத்தனைன்னு எழுதணும். மூணு வாரம் எழுதினதைப் பார்த்தா முதலாளி போன் வர்ற நாளும், வட்டி கட்டற நாளும் ஒன்பது, பத்து. பேரப்பசங்க வந்த ஞாயித்துக்கிழமை மூணு. சத்தம் அதேதான்! "எழுதினதைப் பார்த்தப்பறம்தான் மாப்ளே எனக்கே உறைச்சுது"ன்னார்.

அடுத்தது, அமைதியான அறையில படுக்காதீங்கன்னாங்க. ரேடியோவை ரொம்பச் சின்னதா வைக்கணும். இரைச்சலை மூடற அளவுக்கு வேணாம், ரெண்டும் சேர்ந்து கேக்கற அளவு. மூடிட்டா மூளைக்குப் பழகக் கத்துக்க எதுவும் இருக்காது. தூக்கம் வரலைன்னா புரளாம எழுந்துக்கணும், காலையில எழுந்திரிக்கற நேரத்தை மாத்தக்கூடாது. நிறுத்தின விசேஷங்களுக்கு ஒண்ணொண்ணா மறுபடி போகணும். காதுக் கருவியும் வாங்கினோம், வெளிச்சத்தம் நல்லாக் கேட்டா உள்ளே ஏத்தின வால்யூமை மூளை கொஞ்சம் இறக்கும். மனநல டாக்டர் சில மாசம் மாத்திரை குடுத்தார். அது காதுக்கு இல்லை, மனச்சோர்வுக்குன்னு தெளிவாச் சொல்லியே குடுத்தார்.

இதுக்குப் பேரு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 2020-ல காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளை, 2,700-க்கும் மேல ஆளுங்களை வெச்சு அலசிப் பார்த்துச்சு. காதிரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கறதை இது குறைக்கக்கூடும்னு முடிவு வந்தது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-ல வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் பரிந்துரைக்குது. காதிரைச்சலுக்குன்னு ஜிங்கோ மாத்திரை, வைட்டமின் மாத்திரை எல்லாம் வேணாம்னும் சொல்லுது. இரைச்சலை அடியோட நிறுத்தற மாத்திரை இன்னிக்கு வரைக்கும் கிடையாது. 'ஒரே வாரத்தில் குணம்'னு விளம்பரம் பார்த்தா பர்ஸை இறுக்கிப் புடிச்சுக்கோங்க.

பத்து மாசம் கழிச்சு அதே 25 கேள்வி. 82, 34 ஆயிருந்தது. மறுபடி ஹெட்போன் சோதனை. அதே 6 டெசிபல். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மொத்த விஷயமும் அதுக்குள்ள இருக்கு.

*

இப்ப யோசிச்சா, அந்த டாக்டர் சொன்ன 'பழகிக்கோங்க' சரியான வார்த்தைதான். இந்த வைத்தியம் பூராவுமே பழகறதுக்குத்தான். ஆனா அது போய்ச் சேர வேண்டிய ஊரோட பேரு. எந்த பஸ், எங்க இறங்கணும்னு யாராவது சொல்லணும். நீச்சல் தெரியாதவனைக் கிணத்துல தள்ளி 'பழகிக்கோ'ன்னா பழகுவானா? முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி, பக்கத்துல ஒருத்தர் இறங்கினாத்தானே பழகுவான்? காது டாக்டர் தன் வேலை முடிஞ்சுதுங்கறார். மனநல டாக்டர்கிட்ட போக இவருக்கு வெக்கம். நடுவுல இருக்கற சந்துல ஆளுங்க விழறாங்க. காதுப் பரிசோதனைச் சீட்டுலயே 'தூக்கம் எப்படி, மனசு எப்படி'ன்னு ரெண்டு கேள்வி சேர்த்தா போதும், பலபேரை அந்தச் சந்துல இருந்து தூக்கிடலாம்.

மாமா இப்ப மறுபடியும் தறியில உக்காந்திருக்கார். ஒரு பாவு முடிச்சு அடுத்த பாவு பிணைக்கறதுக்கு நடுவுல ரெண்டு மூணு நாள் தறி சும்மா நிக்கும். முன்னாடி அந்த நாளுங்களை நெனச்சாலே அவருக்கு நடுக்கம். போன மாசம் அப்படி ஒரு நாள்ல போனப்ப, வாயைத் திறந்துக்கிட்டு மத்தியானத் தூக்கம் தூங்கிக்கிட்டு இருந்தார்.

பி.கு. 1: இரைச்சல் ஒரே காதுல மட்டும் இருந்தாலும், நாடித்துடிப்போட சேர்ந்து அடிச்சாலும், திடீர்னு காது கேக்காமப் போனாலும் தள்ளிப்போடாம காது டாக்டரைப் பாருங்க. திடீர்ச் செவிட்டுக்கு முதல் சில நாள்ல பார்க்கறதுதான் முக்கியம். எண்ணெய் எல்லாம் வேணாம் சாமி.

பி.கு. 2: ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு பாரமா இருந்தா, திண்ணையில பக்கத்துல யாரும் இல்லைன்னா, 14416. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ் எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.

பி.கு. 3: ஹெட்போனை ஃபுல் வால்யூம்ல வெச்சுக்கிட்டு கோடு அடிக்கற நம்ம பொட்டி தட்டற பசங்களுக்கு: 15,000 தான். எண்ணிச் செலவு பண்ணுங்க.